பெர்பெத்துவா: சிறையில் எழுதிய பெண்

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பெர்பெத்துவா என்ற மறைசாட்சி (கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்) சிறையில் எழுதியதாகச் சொல்லப்படும் குறிப்பு உண்மையிலேயே அவர் கைப்பட எழுதியதா? பால்குடி மறக்காத குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் சாகப் போனதை எப்படி எடுத்துக்கொள்வது? அவரோடு இறந்த பெலிசித்தாவும், ஏழு மகன்களைப் பறிகொடுத்த பெலிசித்தாவும் ஒருவர்தானா? கடைசிக் கேள்வி சுலபமானது, அதைக் கடைசியிலேயே பார்க்கலாம். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்று. தொடக்ககால மறைசாட்சிகளைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியது. செபஸ்தியார், ஆக்னஸ், செசிலியா போன்றவர்களின் விரிவான கதைகள் அவர்கள் இறந்து நூறு, இருநூறு ஆண்டுகள் போன பிறகு எழுதப்பட்டவை. அவர்கள் இருந்ததே பொய் என்று நான் சொல்லவில்லை. நமக்குக் கேட்பது அவர்களுடைய குரல் இல்லை, அவ்வளவுதான். அந்தியோக்கியா இஞ்ஞாசியார் மரணத்தை நோக்கிப் போகும் வழியில் எழுதிய கடிதங்கள் ஒரு விதிவிலக்கு. பெர்பெத்துவா இன்னொரு விதிவிலக்கு. அதிலும் அவர் ஆயர் இல்லை, போதகர் இல்லை; கைது செய்யப்பட்டபோது திருமுழுக்குகூட (ஞானஸ்நானம்) வாங்கியிருக்கவில்லை. வயது 22 இருக்கும்.

இடம் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ், இன்றைய துனிசியா. ஆண்டு 203 என்று வைத்துக்கொள்வது வழக்கம். உரோமைப் பேரரசர் செப்திமியுஸ் செவேருஸ். கிறிஸ்தவத்துக்கு மாறக் கூடாது என்று அவர் ஆணை போட்டதாக ஒரு பிற்கால நூல் சொல்கிறது. அதை அப்படியே நம்புகிறவர்கள் இன்று குறைவு. அந்தக் காலத்தில் துன்பப்படுத்தல் என்பது பெரும்பாலும் உள்ளூர் விவகாரம். எந்த ஊரில் எந்த அதிகாரி, கூட்டம் எப்படிக் கத்தியது என்பதைப் பொறுத்து நடந்தது. கார்த்தேஜில் அப்போது ஆளுநர் மினூக்கியுஸ் இறந்துபோய், மரண தண்டனை கொடுக்கும் அதிகாரம் தற்காலிகமாக ஹிலாரியானுஸ் என்ற வருவாய் அதிகாரியின் கையில் இருந்தது.

பிடிபட்டவர்கள் ஞான உபதேசம் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள்: ரெவோகாத்துஸ், அவருடைய சக அடிமையான பெலிசித்தா, சாத்துர்னீனுஸ், செக்குந்துலுஸ், அப்புறம் விபியா பெர்பெத்துவா. இவர்களுக்குக் கற்றுக்கொடுத்த சாத்தூருஸ் கைதின்போது அங்கே இல்லை. பிறகு தானே வந்து சரணடைந்தார். பெர்பெத்துவா நல்ல குடும்பத்தில் பிறந்து, நன்றாகப் படித்து, முறைப்படி மணமானவர். அப்பா, அம்மா, இரண்டு சகோதரர்கள், கைக்குழந்தையாக ஒரு மகன். இத்தனை பேரைச் சொல்கிற அந்த அறிமுகத்தில் கணவர் மட்டும் இல்லை. பெர்பெத்துவாவும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இறந்துவிட்டாரா, விலகிவிட்டாரா, வெட்கப்பட்டு ஒதுங்கிவிட்டாரா, இல்லை சாத்தூருஸ்தான் அவரா என்று அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

நமக்குக் கிடைத்திருக்கும் நூலில் மூன்று கைகள் இருக்கின்றன. முன்னுரையும் அரங்கில் நடந்ததும் பெயர் தெரியாத ஒரு தொகுப்பாளர் எழுதியது. நடுவில் 3 முதல் 10 வரையிலான பகுதிகள் பெர்பெத்துவாவுடையவை. 11 முதல் 13 வரை சாத்தூருஸ் கண்ட காட்சி. நாட்குறிப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் தேதி எதுவும் இருக்காது. 'சில நாள் கழித்து', 'இன்னொரு நாள்' என்றுதான் போகும்.

அவர் எழுத்து எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் புரியும். சிறைக்குள் தள்ளப்பட்டதும் அவர் பதிவு செய்வது வீரத்தை இல்லை, பயத்தை. அப்படி ஓர் இருட்டைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்கிறார். ஆள் நெரிசலில் வேக்காடு தாங்கவில்லை. காவல் வீரர்கள் காசு பிடுங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையைப் பற்றிய கவலை. தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு திருத்தொண்டர்கள் கையில் எதையோ கொடுத்து, சில மணி நேரம் கைதிகள் சிறையின் காற்றோட்டமான பகுதியில் இருக்க ஏற்பாடு செய்கிறார்கள். அங்கே உட்கார்ந்து, பசியில் துவண்டுபோயிருந்த குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். பிறகு குழந்தையைத் தன்னோடே வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. உடனே உடம்பு தேறிவிட்டது, சிறை எனக்கு அரண்மனை ஆகிவிட்டது, வேறெங்கும் இருக்க எனக்கு விருப்பமில்லை என்று எழுதுகிறார்.

அவர் பகுதியில் அதிக இடம் பிடிப்பவர் அப்பா. நான்கு முறை வருகிறார். முதல் முறை, மனத்தை மாற்றிக்கொள் என்று கேட்கிறார். மகள் பக்கத்தில் கிடந்த ஒரு ஜாடியைக் காட்டி, "அப்பா, இதை இதன் பெயரை விட்டு வேறு பெயரில் சொல்ல முடியுமா?" என்று கேட்கிறாள். முடியாது என்கிறார். "நானும் அப்படித்தான். நான் எதுவோ அதை, கிறிஸ்தவள் என்பதை, விட்டு வேறு ஒன்றாக என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது." அப்பா கண்ணைத் தோண்டிவிடுபவர் போலப் பாய்கிறார், ஆனால் அடிக்காமல் போய்விடுகிறார். அப்புறம் சில நாள் அவர் வராமல் இருந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னதாக மகள் எழுதுகிறாள். பக்திக்கதை எழுதுகிற யாரும் தன் புனிதையின் வாயில் இப்படி ஒரு வரியை வைக்கமாட்டார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அந்த நாள்களில்தான் திருமுழுக்கும் பெறுகிறார்.

இரண்டாம் முறை அவர் வேறு ஆள். "என் நரைத்த தலையைப் பார். உன் சகோதரர்கள் எல்லோரையும்விட உன்னைத்தானே உயர்வாக வைத்தேன்! உன் அம்மாவைப் பார், நீ போனால் பிழைக்க முடியாத உன் பிள்ளையைப் பார்" என்று கைகளை முத்தமிட்டுக் காலில் விழுகிறார். உரோமைச் சட்டப்படி பிள்ளைகள் மேல் முழு அதிகாரம் உள்ள தகப்பன் மகள் காலில் விழுவது எப்பேர்ப்பட்ட தலைகீழ் என்று யோசியுங்கள். மூன்றாம் முறை விசாரணை மேடையிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, படியிலிருந்து மகளை இழுக்கிறார். ஹிலாரியானுஸும் இரக்கமாகத்தான் பேசுகிறார்: உன் அப்பாவின் நரையை எண்ணிப் பார், பிள்ளையின் பச்சை வயதை எண்ணிப் பார், பேரரசர்களின் நலனுக்காகப் பலி செலுத்திவிடு. "மாட்டேன்." "நீ கிறிஸ்தவளா?" "நான் கிறிஸ்தவள்." விசாரணை இவ்வளவுதான். அப்பா விடாமல் இழுத்துக்கொண்டிருந்ததால் அவரைக் கீழே தள்ளித் தடியால் அடிக்கிறார்கள். அந்த அடி என் மேல் விழுந்ததுபோல் இருந்தது, அவருடைய பரிதாபமான முதுமைக்காக வருந்தினேன் என்கிறார் பெர்பெத்துவா. எல்லோருக்கும் விலங்குகளுக்கு இரையாகும் தண்டனை.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. தீர்ப்பு முடிந்து சிறைக்குத் திரும்பியதும் பெர்பெத்துவா செய்த முதல் வேலை, பொம்போனியுஸை அப்பாவிடம் அனுப்பிக் குழந்தையைக் கேட்டது. அப்பா தர மறுத்துவிட்டார். அடுத்த வரி, படித்தவர்கள் யாரும் மறக்க முடியாத வரி: கடவுள் விருப்பப்படி அவனும் அதற்குமேல் பால் கேட்கவில்லை, எனக்கும் பால் கட்டிக் காய்ச்சல் வரவில்லை, பிள்ளையைப் பற்றிய கவலையாலும் மார்வலியாலும் நான் வதைபடாதிருக்க அப்படி ஆயிற்று. இதை எழுதியவர் குழந்தையை மறந்தவர் இல்லை. அவர் எதையும் துச்சமாகத் தூக்கி எறியவில்லை. இரண்டையும் பிடித்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. அந்த முடிவு சரியா தவறா என்று இன்று நாம் வாதாடலாம். வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் காலத்திலிருந்தே பேசப்படுகிற விஷயம் இது. ஆனால் கல்நெஞ்சக்காரத் தாய் என்ற படம் அவருடைய பக்கங்களில் இல்லை. அது வேறு இடத்திலிருந்து வந்தது, பின்னால் சொல்கிறேன்.

சிறையில் அவர் கனவுபோலக் கண்டதாக எழுதும் காட்சிகள் நான்கு. முதலாவது பிரபலமானது. வானம் வரை போகிற ஒரு வெண்கல ஏணி, ஒருவர் மட்டுமே ஏறும் அகலம். இரு பக்கமும் வாள், ஈட்டி, கொக்கி எல்லாம் பொருத்தியிருக்கிறது. அடியில் ஒரு பெரிய பாம்பு. அதன் தலையையே முதல் படியாக மிதித்து ஏறுகிறார். மேலே ஒரு தோட்டம். நரைத்த முடியோடு இடையர் உடையில் ஒருவர் ஆடுகளில் பால் கறந்துகொண்டிருக்கிறார். அவர் தந்த பால்கட்டியைக் கைகளைக் குவித்து வாங்கிச் சாப்பிடுகிறார். கண் விழிக்கும்போது வாயில் ஏதோ இனிப்பாக மென்றுகொண்டிருந்ததாக எழுதுகிறார்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த இரண்டும். அவருக்கு தினோக்ராத்தெஸ் என்று ஒரு தம்பி இருந்தான். ஏழு வயதில் முகத்தில் புற்றுப் புண் வந்து, பார்த்தவர்கள் அருவருக்கும்படி இறந்துபோனவன். ஜெபத்தின் நடுவே திடீரென்று அவன் பெயர் வாயில் வருகிறது. இவ்வளவு நாள் நினைக்காமல் இருந்துவிட்டேனே என்று திடுக்கிடுகிறார். அன்றிரவு காட்சியில் பையன் ஓர் இருண்ட இடத்திலிருந்து அழுக்காக, வெளிறி, அதே புண்ணோடு வருகிறான். தாகம். எதிரே தண்ணீர் நிறைந்த தொட்டி இருக்கிறது, ஆனால் அதன் விளிம்பு அவன் உயரத்தைவிட மேலே. எக்கி எக்கிப் பார்க்கிறான், எட்டவில்லை. அக்கா அவனுக்காக இரவும் பகலும் அழுது மன்றாடுகிறார். சில நாள் கழித்து இராணுவச் சிறையில் கால் விலங்கு போட்டிருந்த நாளில் மறுபடி பார்க்கிறார். பையன் சுத்தமாக இருக்கிறான், புண் இருந்த இடத்தில் வடு, தொட்டி விளிம்பு தொப்புள் அளவுக்கு இறங்கியிருக்கிறது. குடித்து முடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் போலச் சந்தோஷமாக விளையாடப் போய்விடுகிறான்.

இந்தப் பகுதி பின்னால் பெரிய சர்ச்சைக்கு உள்ளானது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைக்கும் மீட்பு உண்டு என்பதற்கு இதை ஒருவர் ஆதாரமாகக் காட்டினார். அதற்குப் பதில் எழுதிய அகுஸ்தீன், இந்த நூல் திருவிவிலியத்தில் சேர்ந்தது இல்லை, தவிர பெர்பெத்துவாவோ 'இதை எழுதிய வேறு யாரோ' அந்தச் சிறுவன் திருமுழுக்குப் பெறவில்லை என்று சொல்லவும் இல்லை என்று வாதாடினார். அந்த 'வேறு யாரோ' என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட சந்தேகம் சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன்பே, கார்த்தேஜ் வட்டாரத்தை நன்றாக அறிந்த ஓர் ஆயரின் பேனாவில் எட்டிப் பார்த்திருக்கிறது.

கடைசிக் காட்சி, விலங்குகளோடு அரங்கில் நிறுத்தப்படும் போட்டிக்கு முந்தின நாள். அரங்கில் ஓர் எகிப்தியனோடு மல்யுத்தம். உடையைக் களைந்ததும் 'நான் ஆணாகிவிட்டேன்' என்கிறார். உடம்பில் எண்ணெய் தேய்க்கிறார்கள், எதிராளி புழுதியில் புரள்கிறான். முகத்தில் உதைத்து, தலையை மிதித்து வெல்கிறார். விழித்ததும், நான் மோதப் போவது விலங்குகளோடு இல்லை, அலகையோடு, அதாவது சாத்தானோடு என்று புரிந்துகொள்கிறார். அதோடு நிறுத்திவிடுகிறார்: போட்டிக்கு முந்தின நாள் வரை நடந்ததை நான் எழுதிவிட்டேன், போட்டியில் நடப்பதை விரும்புகிறவர் எழுதட்டும்.

இனி தொகுப்பாளர் சொல்வது. செக்குந்துலுஸ் சிறையிலேயே இறந்துவிட்டார். பெலிசித்தாவுக்கு அப்போது எட்டு மாதம். கர்ப்பிணிக்குத் தண்டனை நிறைவேற்றுவது சட்டப்படி கூடாது. ஆகவே கூட்டாளிகளோடு போக முடியாமல், பின்னால் கொலைக்குற்றவாளிகளோடு தனியாகச் சாக நேருமோ என்பதுதான் அவருடைய கவலை. எல்லோரும் சேர்ந்து ஜெபித்ததும் வலி கண்டுவிட்டது. எட்டாம் மாதப் பிரசவம், கஷ்டமாக இருந்தது. சிறைக் காவலன் ஒருவன் கிண்டலாக, "இப்போதே இப்படிக் கதறுகிறாயே, விலங்குகள் முன்னால் போடும்போது என்ன செய்வாய்?" என்றான். அதற்கு அவர்: "இப்போது படுவதை நான்தான் படுகிறேன். அங்கே எனக்குள் வேறொருவர் இருந்து எனக்காகப் படுவார், நான் அவருக்காகப் படப் போவதால்." பிறந்தது பெண் குழந்தை. கிறிஸ்தவச் சகோதரி ஒருவர் தன் மகளாக வளர்த்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெலிசித்தா பெர்பெத்துவாவின் பணிப்பெண், உயிர்த் தோழி என்றெல்லாம் பல இடங்களில் படித்திருப்பீர்கள். மூல நூலில் அப்படி ஒன்றும் இல்லை. ரெவோகாத்துஸின் சக அடிமை என்பது மட்டும்தான் இருக்கிறது. பெர்பெத்துவா தன் பகுதியில் பெலிசித்தாவைப் பெயர் சொல்லி ஒரு முறைகூடக் குறிப்பிடவில்லை. அதே இருட்டில், அதே நெரிசலில், நிறைமாதத்தை நெருங்கும் ஒரு பெண் பக்கத்தில் இருந்திருக்கிறாள். பால் கொடுக்கும் தாய் அவளைப் பற்றி எழுதவில்லை. சீமாட்டிக்கும் அடிமைக்கும் இருந்த தூரமா, சொந்த வீட்டுக் கவலையே மனத்தை நிரப்பிவிட்டதா, தெரியாது. எழுத்து கைவசம் இருந்தவருக்குக் குரல் மிஞ்சியது. பெலிசித்தாவின் குரலாக நமக்கு இருப்பது காவலனுக்குச் சொன்ன அந்த ஒரு பதில்தான், அதுவும் இன்னொருவர் எழுதி வைத்தது. இருவரையும் அணைத்தபடி காட்டும் இன்றைய படங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த மௌனம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

அரங்கு. பேரரசரின் இளைய மகன் கெத்தாவின் பிறந்தநாள் விழா அது. (எட்டே ஆண்டில் அண்ணன் காரகல்லா அந்த கெத்தாவைக் கொல்லச் செய்து, கல்வெட்டுகளில் அவன் பெயரைச் சுரண்டி அழிக்க ஆணையிட்டான். அவன் பிறந்தநாளில் கொல்லப்பட்ட அடிமைப் பெண்ணின் பெயர் கோயில்களில் வாசிக்கப்பட்டது.) முந்தின இரவு கடைசி விருந்தை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைப் பார்த்து சாத்தூருஸ், "நாளைக்குப் பார்ப்பது போதாதா? சரி, எங்கள் முகங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நாளில் அடையாளம் தெரியட்டும்" என்றார், இறுதித் தீர்ப்பு நாளைச் சொல்லி. காலையில் ஆண்களுக்குச் சனி தெய்வத்தின் பூசாரி உடையும் பெண்களுக்கு கெரேஸ் தேவியின் பூசாரிணி உடையும் போடப் பார்த்தார்கள். பெர்பெத்துவா ஒத்துக்கொள்ளவில்லை: இதைச் செய்ய வேண்டாம் என்றுதானே உயிரையே கொடுக்க வந்திருக்கிறோம், அதுதானே நமக்குள் பேச்சு? அதிகாரி விட்டுக்கொடுத்தார்.

ஆண்களுக்குச் சிறுத்தை, கரடி, காட்டுப்பன்றி. பெண்களுக்கு மூர்க்கமான ஒரு பசு. வலை மட்டும் சுற்றி, உடையில்லாமல் அழைத்து வந்தபோது கூட்டமே அதிர்ந்தது. ஒருத்தி மென்மையான இளம் பெண். இன்னொருத்தி பிள்ளை பெற்றுச் சில நாளே ஆனவள், மார்பில் பால் சொட்டுகிறது. திருப்பி அனுப்பி உடை உடுத்தி அழைத்து வந்தார்கள். பசு முட்டியதும் இடுப்பு அடிபட விழுந்த பெர்பெத்துவா, கிழிந்த உடையை இழுத்துத் தொடையை மூடினார். பிறகு ஊசி கேட்டு, கலைந்த கூந்தலை முடிந்துகொண்டார். அவிழ்ந்த கூந்தல் துக்கத்தின் அடையாளம், தன் வெற்றி நாளில் துக்கம் கொண்டாடுவதுபோல் இருக்கக் கூடாது என்பது தொகுப்பாளர் தரும் விளக்கம். எழுந்து போய், நசுங்கிக் கிடந்த பெலிசித்தாவைக் கை கொடுத்துத் தூக்கினார். இருவருக்கும் இடையில் நூல் பதிவு செய்திருக்கும் ஒரே நேரடிச் செயல் இதுதான். முடிவில் எல்லோரையும் வாளால் வெட்டும்போது பெர்பெத்துவாவுக்கு வாய்த்தவன் புதிய ஆள். முதல் குத்து எலும்பில் பட்டது, அலறினார். அப்புறம் அவனுடைய தடுமாறும் கையைத் தானே பிடித்துக் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

சரி, அவர்தான் எழுதினாரா? எழுதினார் என்ற பக்கத்தில் நான் நிற்கிறேன். முதல் காரணம் நடை. தொகுப்பாளர் நீளமான, அலங்காரமான இலத்தீன் எழுதுகிறவர். பெர்பெத்துவாவின் பகுதியில் சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை, பேசுவதுபோல. சாத்தூருஸின் நடை மூன்றாவது தினுசு. ஒரே ஆள் மூன்று நடையில் எழுதியிருக்கலாம்தான், சொற்பயிற்சி அன்றைய படிப்பின் பகுதி. ஆனால் அதற்கு என்ன தேவை வந்தது என்று காட்ட வேண்டும். இரண்டாவது, கார்த்தேஜில் அதே காலத்தில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சில ஆண்டுகளுக்குள்ளேயே பெர்பெத்துவாவின் காட்சியை மேற்கோள் காட்டுகிறார். ஹிலாரியானுஸ் என்ற அதிகாரியையும் வேறு சந்தர்ப்பத்தில் குறிப்பிடுகிறார். ஆக, இது நூற்றாண்டு கழித்துக் கட்டிய கதை இல்லை. மூன்றாவது, புனிதைக்குப் பெருமை சேர்க்காத விவரங்கள் அப்படியே கிடக்கின்றன: பயம், அப்பா வராத நிம்மதி, இல்லாத கணவர், மறந்துபோன தம்பி. ஆண் அறிஞர் ஒருவர் பெண் குரலில் எழுதினார் என்ற வாதமும் இருக்கிறது. பால் கட்டாமல் போனதைப் பற்றிய அந்த வரிக்கு அந்த வாதத்தில் எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. தொகுப்பாளர் ஒரு சொல்லையும் தொடவில்லை என்று மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இலத்தீனா கிரேக்கமா என்ற தகராறும் இருந்தது. முழு இலத்தீன் நூலை லூக்காஸ் ஹோல்ஸ்டேனியுஸ் மோந்தே கசீனோ மடத்துக் கையெழுத்துப் படியில் கண்டெடுத்தார். அவர் இறந்த பிறகு 1663ல் அச்சேறியது. கிரேக்க வடிவம் 1889ல் எருசலேமில் ரெண்டல் ஹாரிஸ் கண்ணில் பட்டது. கிரேக்கம்தான் மூலமோ என்று கொஞ்ச நாள் பேசினார்கள். இலத்தீனே மூலம் என்பது இப்போது பெரும்பாலோர் கருத்து.

அதற்கு முந்தின நூற்றாண்டுகளில் மக்கள் எதைப் படித்தார்கள்? ஒரு சுருக்கம். கல்நெஞ்சக்காரி படம் அங்கிருந்துதான் வருகிறது. அதில் காலம் மாறிவிட்டது, வலேரியன் ஆட்சி என்று போட்டிருக்கிறது. இல்லாத கணவர் விசாரணைக்கு வந்து நிற்கிறார். குழந்தையைப் பெர்பெத்துவாவின் கழுத்தில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்; அவரோ அதைத் தள்ளிவிட்டு, என்னை விட்டுப் போங்கள், உங்களை எனக்குத் தெரியாது என்கிறார். காட்சிகள் சுருங்கிவிட்டன, தினோக்ராத்தெஸே இல்லை. உறுதியான மறைசாட்சி என்றால் பாசத்தை உதற வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். இடைக்காலத்தில் அதிகம் பரவியது இந்த வடிவம்தான். ஆகவே நீங்கள் படித்த பெர்பெத்துவா பிள்ளையைத் தள்ளிவிட்டிருந்தால், நீங்கள் படித்தது இந்தச் சுருக்கத்தின் வழிவந்தது.

அகுஸ்தீன் காலத்தில் ஆப்பிரிக்கக் கோயில்களில் இவர்களுடைய நினைவு நாளில் முழுக் கதையும் சத்தமாக வாசிக்கப்பட்டது. அவர் அந்த நாளில் ஆற்றிய மறையுரைகள் இன்றும் இருக்கின்றன. ஆண்களும் கூட இருந்தார்களே, ஏன் விழா இந்த இரண்டு பெண்கள் பெயரில் என்ற கேள்வி அங்கேயே வருகிறது. பலவீனமாகக் கருதப்பட்டவர்களின் வெற்றி பெரிய அதிசயம் என்பது அவர் பதில். பாராட்டுதான், ஆனால் பெண் என்றால் பலவீனம் என்பதை எடுத்துக்கொண்டுதான் பாராட்டுகிறார். முன்னுரையில் தொகுப்பாளர் புதிய காட்சிகளையும் இறைவாக்குகளையும் தூக்கிப் பிடிப்பதால், புதிய இறைவாக்குகளை வலியுறுத்தி, பின்னர் திருச்சபை ஏற்காத மொந்தானு இயக்கத்தின் வாடை அடிக்கிறதே என்ற பேச்சும் உண்டு. திருச்சபை அதற்காக இவர்களை ஒதுக்கவில்லை. 354ஆம் ஆண்டின் உரோமை நாள்காட்டியில் மார்ச் 7 அன்று இருவர் பெயரும் இருக்கின்றன. இரவென்னாவில் 6ஆம் நூற்றாண்டு மொசைக் ஊர்வலத்தில் கன்னியரோடு கன்னியராக நிற்கிறார்கள். இருவரும் தாய்மார் என்பதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

கார்த்தேஜில் இவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்த பெருங்கோயில் இருந்த இடத்தில், 1907ல் தெலாத்ர் என்ற குரு தோண்டியபோது உடைந்த கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. ஒட்டிப் பார்த்ததில் இவர்களின் பெயர்கள் இருந்தன. வட்டரங்கின் அடித்தளமும் துனிஸ் நகரத்தை ஒட்டி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது.

கடைசியாக அந்த மூன்றாவது கேள்வி. ஏழு மகன்களின் தாயாகச் சொல்லப்படும் பெலிசித்தா உரோமையைச் சேர்ந்தவர். அவருடைய நாள் நவம்பர் 23. அவருடைய கதை மிகவும் பிந்தியது, ஏழு மகன்கள் என்பதே பழைய ஏற்பாட்டு மக்கபேயர் நூலில் ஏழு மகன்களோடு கொல்லப்படும் தாயை வைத்துக் கோத்தது போலத் தெரிகிறது. கார்த்தேஜ் பெலிசித்தாவுக்கு நமக்குத் தெரிந்து ஒரே மகள். திருப்பலியில் முதலாம் நற்கருணை மன்றாட்டை முழுதாகச் சொல்லும் நாளில் பெலிசித்தா, பெர்பெத்துவா என்று அடுத்தடுத்து வருவதால், அது கார்த்தேஜ்காரர் என்றே பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலை விட்டுவிட்டுச் சொல்லவும் அனுமதி இருப்பதால் பல கோயில்களில் இந்தப் பெயர்கள் காதில் விழுவதில்லை. பழைய திருவழிபாட்டுப் புத்தகம் கையில் இருந்தால் அதில் இவர்களுடைய நாள் மார்ச் 6 என்று இருக்கலாம், குழம்ப வேண்டாம். மார்ச் 7 தாமஸ் அக்குவினாசுக்குப் போயிருந்ததால் 1908ல் இவர்களை ஒரு நாள் முன்னால் நகர்த்தினார்கள். 1969 திருத்தத்தில் பழையபடி மார்ச் 7க்கே கொண்டுவந்துவிட்டார்கள்.